இடது காது

தங்கச்சிமடத்தில் ஐஸ் கம்பெனிக்குப் பின்னால்
தகரக் கூரை போட்ட ஜெப வீட்டில்
போதகர் உன் காதில் கை வைத்தபோது
நான் மூச்சைப் பிடித்திருந்தேன்,
பாசி எடுக்க முங்கும்போது பிடிப்பதைப் போல.
"கேட்குதா?" என்றார்.
"கேட்குது" என்றாய்,
வலது காதைச் சாய்த்து.

திரும்பி வரும் வழியில்
உன் இடப்பக்கமாக நடந்து பெயரைச் சொன்னேன்.
மிக்கேல்.
இன்னொரு தரமும் சொன்னேன்.
நீ பாலத்து விளக்குகளைப் பார்த்துக்கொண்டே போனாய்.

சங்கு குளிக்கப் போய்
ஏழு பாகத்தில் வெடித்த காது.
அன்றைக்கு நீ எடுத்துவந்தது மூன்று சங்கு,
அதில் ஒன்று பூச்சியரித்தது.
ராமநாதபுரம் பெரியாஸ்பத்திரியில்
சவ்வு போச்சு என்றார்கள்.
ஜெப வீட்டில்
விசுவாசம் போதவில்லை என்றார்கள்.
யாருடையது என்று சொல்லவில்லை.
என்னுடையது என்று
நானே எடுத்துக்கொண்டேன்.

பிறகு அதை வளர்க்கப் பார்த்தேன்.
செவ்வாயும் வெள்ளியும் உபவாசம்.
தலைமாட்டில் ஜெபித்த எண்ணெய்க் குப்பி.
படகு கிளம்புமுன் ஒரு வசனம்,
கரையேறியதும் ஒரு வசனம்.
ஒவ்வொரு நாளும் தொட்டுப் பார்த்தேன்
வளர்ந்திருக்கிறதா, வளர்ந்திருக்கிறதா என்று,
நட்ட கிழங்கைத் தோண்டித் தோண்டிப் பார்ப்பவளைப் போல.

சாட்சி நேரத்தில்
ரூபிக்குக் கல் கரைந்திருந்தது.
வேர்க்கோட்டு டீக்கடைக்காரருக்குச் சர்க்கரை இறங்கியிருந்தது.
ஒருவர் தன் படகு எஞ்சின்
கையைச் சுற்றாமலே ஸ்டார்ட் ஆனதைச் சொன்னார்.
ஸ்தோத்திரம் என்றேன் எல்லோரோடும்.
ஆண்டவரே, அப்போது என் வாயில் இருந்த கசப்பு
உமக்குத் தெரியும்.

குருசடைத் தீவுக்குத் தெற்கே,
வனத்துறைப் படகு வருமோ என்று ஒரு கண்ணை மேலே வைத்து
மரிக்கொழுந்துப் பாசி பறித்துக்கொண்டிருந்தோம்.
காளீஸ்வரி அலறினாள்.
திருக்கை முள்.
குதிகாலுக்கு மேலே, எலும்பு வரை.

படகில் ஏற்றிப் போட்டோம்.
கரைக்கு முக்கால் மணி நேரம்.
சுடுதண்ணீர் கிடையாது,
ஸ்டெல்லா தன் பிளாஸ்க் டீயை அப்படியே காலில் ஊற்றினாள்.
காளீஸ்வரி என் மணிக்கட்டைப் பிடித்தாள்.
"உங்க சாமிகிட்டச் சொல்லு."

என் விரல்களில் பிளாஸ்திரி,
பாறை கிழித்த பழைய காயங்களின் மேல்
பாறை கிழித்த புதிய காயங்கள்.
அந்தக் கையை வைத்தேன்.
வசனம் ஒன்றும் வரவில்லை.
"இவளுக்கு வலிக்குது" என்று மட்டும் சொன்னேன்,
பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரிடம் சொல்வதைப் போல.
போதுமா போதாதா என்று
அளந்து பார்க்க மறந்துபோனேன்.

பாம்பன் கரை தெரிகிற முன்னாலேயே
அவள் பிடி தளர்ந்தது.
"விட்டிருச்சுடி."
ஆஸ்பத்திரி நர்ஸ் காலைத் திருப்பிப் பார்த்துவிட்டு
முள் உள்ளே நிற்கவில்லை, அதிர்ஷ்டம் என்றார்.
ஸ்டெல்லா டீ என்றாள்.
காளீஸ்வரி, போகிறவர் வருகிறவரிடமெல்லாம்
என் கை என்றாள்.
என் கை இல்லை என்று
அவளிடம் சொல்லிச் சொல்லி
எனக்கே கொஞ்சம் புரிந்தது.

இப்போதும் ராத்திரி
உன் இடது காதைப் பொத்தித்தான் படுக்கிறேன்.
கேட்குதா என்று கேட்பதில்லை.
கையெல்லாம் பாசி நாற்றம் என்கிறாய்,
எடுக்கச் சொல்வதில்லை.

நேற்று ஐஸ் வண்டிக்காக நின்றோம்.
நான் உன் இடப்பக்கம்.
உதடு அசையாமல் உள்ளே பேசிக்கொண்டிருந்தேன்,
கடன், அலை, சின்னவளின் இருமல்,
எல்லாவற்றையும் அவரிடம்.
நீ திரும்பினாய்.
"என்ன சொன்ன?"

ஒன்றுமில்லை என்றேன்.
வெள்ளிக்கிழமை வருகிறது.
எழுந்து நின்றால் இதை எப்படிச் சொல்வது?
கேட்டது என்றா,
நான் சொல்லவே இல்லை என்றா.