அளவு நோட்டு

கிளைபேடா துறைமுகத்தில் கிரேன் ஓட்டும் விகாந்தாஸ்
என் தையல் கடைக்கு வர ஆரம்பித்துப் பன்னிரண்டு வருஷம்.
நீல அட்டை நோட்டில் அவனுக்கென்று ஒரு பக்கம்.

முதல் வரியில் இடுப்பு எண்பத்தாறு.
பிறகு தொண்ணூற்றொன்று,
தொண்ணூற்றெட்டு,
நூற்றியேழு.
"பெண்டாட்டி சமையல்" என்பான்.
அவள் விட்டுப்போய் மூன்று வருஷம் ஆகியிருந்தது.

புஜம் மட்டும் எதிர்த்திசையில் நடந்தது:
முப்பத்தாறு, முப்பத்து மூன்று, இருபத்தெட்டு.
சாப்பிட்டுப் பெருத்தவனுக்குக் கை இளைக்காது.
தெரிந்துகொண்டேதான்
சட்டைக் கையைப் பிடித்துத் தைத்தேன்.

காலையில் வரமாட்டான்.
வந்த ஒரே ஒரு காலையில்
கோட்டுப் பொத்தான் அவன் விரலுக்கு அகப்படாமல்
நழுவி நழுவிப் போனது.
நானே போட்டுவிட்டேன்.
புதினா மிட்டாய் வாசனை,
அதற்கு அடியில் இன்னொன்று.
உள்ளங்கை ஓரம் வெந்நீரில் முக்கியெடுத்த மாதிரி.
காலர் மறைக்கும் இடத்தில்
சிவப்பு நூல் பிசிறுகள் ஒட்டியிருந்தன.
எடுத்துவிடப் போனேன்.
நூல் இல்லை.

"அளவாகத்தான் குடிக்கிறேன், ரெகினா."
அளவை யார் எடுத்தது என்று
நான் கேட்கவில்லை.

இந்த மே மாதம் மகள் உக்னேவுக்குக் கல்யாணம்.
கறுப்பு சூட் வேண்டும் என்றான்.
டேப் வயிற்றைச் சுற்றியபோது கைக்குத் தெரிந்தது:
கொழுப்பு இல்லை,
தண்ணீர் கட்டிய தோல்பை.
தொப்புள் வெளியே துருத்திக்கொண்டு.
ஜன்னல் வெளிச்சத்தில் கண்ணின் வெள்ளை
பெட்டியில் கிடந்த பழைய லினன்.

மண்டியிட்டு பேன்ட் மடிப்பைக் குத்தும்போது
குண்டூசி தவறி அவன் காலில் ஏறிவிட்டது.
ஐயோ என்றது நான்தான்.
அவன் காற்று வடக்கே திரும்பியதைப் பற்றிப்
பேசிக்கொண்டே இருந்தான்.
சாம்பல் சாக்ஸில் ஒரு துளி,
மிளகு அளவில் தொடங்கி
மெதுவாகக் காசு அளவு ஆனது.
அந்தக் காலால்தான்
முப்பது டன் பெட்டிக்கு பிரேக் மிதிக்கிறான்.

சொன்னேன், ஒருவழியாக.
"ஊசியை விட்டுட்டு டாக்டர் ஆயிட்டியா"
என்று சிரித்தான்.
சிரிப்பு முடிவதற்குள் உட்கார நாற்காலி தேடினான்.

சூட்டை வாங்க உக்னே தனியாக வந்தாள்.
பில் கேட்டாள்.
நோட்டைத் திறந்து அவள் பக்கம் திருப்பினேன்.
எண்களை மேலிருந்து கீழே படித்தாள்.
அப்புறம் கீழிருந்து மேலே.
கையுறையைக் கழற்றிவிட்டுக் கேட்டாள்:
"உங்களுக்கு எந்த வருஷம் தெரியும்?"

பக்கத்தின் நடுவில் விரலை வைத்தேன்.
அந்த வரிக்கு நேரே
என் கையெழுத்தில் இருந்தது:
இடுப்பு தளர்த்தியது,
பன்னிரண்டு யூரோ,
வாங்கியாச்சு.