அரை லீற்றர் சிவப்பு

கடன் கொப்பியில் பவளராணிக்குத் தனிப் பக்கம்.
மற்றவர்கள் வீட்டுக்குப் பூச வாங்குவார்கள்.
இவள் கேட்பது
யாரோ கலக்கச் சொல்லிவிட்டு
எடுக்க வராமல் போன ரின்கள்:
பாசிப்பச்சை, மழைமேகச் சாம்பல்,
வங்கிக்காரர் வேண்டாமென்ற மஞ்சள்.
அரை விலை. அதிலும் பேரம்.

வரைய யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.
ஏழு வருடம் முழங்காலில் நின்றாள், அவ்வளவுதான்.
ஒட்டுசுட்டானுக்கு அப்பால்
ஒரு மீற்றர் அகலப் பாதை,
முகத்துக்கு முன்னால் கண்ணாடித் தடுப்பு,
கையில் நான் விற்கிற மாதிரி ஒரு சாந்தகப்பை.
ஒரு நாளைக்கு ஒரு பாய் விரிக்கிற நிலம்.
அப்படிப் பார்த்தால் அறுகம்புல்லும் காடுதான் என்பாள்.
எறும்பு தின்ற இலையில் மிஞ்சிய நரம்பு,
இரும்பு உக்கின இடத்தில் மண் காட்டும் காவி,
எல்லாம் பிளைவூட் துண்டுகளில் வந்தன.

சிவப்பு மட்டும் வரவில்லை.
"பெயரில கிடக்கு, காணும்" என்று சிரிப்பாள்.
சிவப்பு நுனித் தடி நட்டால்
அதற்கு அப்பால் கால் வைக்கக்கூடாது.
படத்துக்கும் அதே சட்டமாக்கும் என்று
நானாக நினைத்துக்கொண்டேன்.

பிறகு அங்கோலா.
அங்கேயும் பெண்கள், அங்கேயும் முழங்கால்.
பதினாலு மாதம் கழித்து வந்து
சீமெந்து மூட்டையில் இருந்து கதைத்தாள்.
மன்னாரில் தனியே நிற்கிற பெருக்கமரம்
அங்கே குடும்பமாய் நிற்குதாம்.
முகாமில் சமைக்கிற மொய்செஸ்
மணலில் புள்ளி குத்தி
விரல் எடுக்காமல் கோடு சுற்றி
ஆமை போட்டானாம்.
பாதியில் இவள் விரல் வைத்து முடித்துவிட்டாளாம்.
அவன் பாஷை இவளுக்குத் தெரியாது.
பொங்கலுக்கு முற்றத்தில் போட்ட கை
சும்மா இருக்குமா?
பயப்படாமல் மண்ணில் விரல் வைத்தது
அன்றைக்குத்தான் என்றாள்.
நான் ஆணி நிறுத்துக்கொண்டிருந்தேன்.
எத்தனை கிலோ கேட்டார்கள் என்பது மறந்துபோயிற்று.

ஐப்பசி முதல் மழைக்கு மறுநாள்
சைக்கிளைச் சாத்திவிட்டு வந்தாள்.
"அண்ணை, அரை லீற்றர் சிவப்பு. புது ரின்."
தபால்பெட்டிச் சிவப்பை எடுத்தேன்.
"உது கத்துது."
குங்குமச் சிவப்பு?
"உது கும்பிடுது."
கடைசியில் உழவு மெசினுக்குப் பூசுகிற சிவப்பை
நகத்தில் தொட்டு, வெயிலில் பிடித்துப் பார்த்து
முழு விலை தந்தாள்.

நாலாம் நாள் லாண்ட்மாஸ்டர் பெட்டியில்
படம் வந்து இறங்கியது.
கதவளவு பலகை, முழுக்க நனைந்த மண்.
மண்ணுக்குள் எடுக்காத விரலின் ஒரே கோடு,
எங்கே தொடங்கியது என்று பிடிபடவில்லை.
சிவப்பைத் தேடினேன்.
தடிகளில் இல்லை,
தடிகளை வெறும் மரநிறத்தில் விட்டிருந்தாள்.
கீழ் மூலையில், மிளகளவு,
ஒரு தம்பளப்பூச்சி
அந்தப் பக்கத்திலிருந்து
இந்தப் பக்கம் வந்துகொண்டிருந்தது.

மிச்சத்தைத் திருப்பி எடுக்கச் சொன்னாள்.
உடைத்த ரின் எடுக்கிற வழக்கம்
மாங்குளத்தில் எந்தக் கடையிலும் இல்லை.
எடுத்தேன்.
கொப்பியில் அதை எந்தப் பக்கம் எழுதுவதென்று
இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.