பின்சக்கரத்தில் கார் டயர்

இந்த டயரும் நடுவில் மொட்டையாகிவிட்டது.
ஓரங்களில் மட்டும் இன்னும்
கடையிலிருந்து வந்த புது ரப்பர் முடிகள்.
சஸ்காச்சுவானில் வண்டி சாயாது.
ரிஜைனாவிலிருந்து ஸ்விஃப்ட் கரண்ட் வரை
நேராக நூல் பிடித்திருக்கிறார்கள்,
இருபுறமும் கடுகு.

ஆறு சிலிண்டர். பின்னால்
ஓரெஸ்ட், அவன் தெர்மாஸ், அவன் முழங்கால் வலி.
நான் தானியக் கிடங்கின் எடைமேடைக்காரி.
லாரி ஏறி நிற்கும்போதே
எண் வருவதற்குள் சொல்லிவிடுவேன்.
பன்னிரண்டாயிரம் கிலோமீட்டருக்கு ஒரு டயர் என்பது
எனக்குக் கணக்கில் உதைத்தது.

விர்டன் பெட்ரோல் நிலையத்தில்தான் அந்தப் பெண்ணைப் பார்த்தேன்.
அவள் பின்சக்கரம் சதுரமாக இருந்தது,
தாடை அகன்ற ஆளைப் போல.
கார் டயர். நாற்பதாயிரம் ஓடிவிட்டதாம்,
பூட்ஸால் உதைத்துக் காட்டினாள்.
வளைவில் எப்படி என்று கேட்டேன்.
வாய் நிறைய சூரியகாந்தி விதை,
தோலைத் துப்பிவிட்டு
"வளைவில் கொஞ்சம் சண்டை போடும்" என்றாள்.

டேவிஷ் முடியாது என்றான்.
"இன்ஷூரன்ஸ்காரன் என் கடையைப் பூட்டுவான், டார்லா."
பதினெட்டு வருடமாக என் வண்டியைத் தொட்டவன்
கொண்டுபோன டயரைத் தொடவே இல்லை.
ஓரெஸ்ட் எதுவும் சொல்லவில்லை.
அன்று ராத்திரி அவன் ஹெல்மெட்
மேல் அலமாரிக்குப் போயிருந்தது.

கடைசியில் ஹட்டரைட் காலனிப் பட்டறை.
அறுவடை இயந்திரச் சக்கரங்களைக்
கழற்றி மாட்டுகிற எலியாஸ் வால்ட்னர்,
கறுப்புச் சட்டை, முழங்கை வரை கிரீஸ்.
மோட்டார்சைக்கிளில் உட்கார்ந்ததே இல்லை என்றார்.
விளிம்பை விரலால் ஒரு சுற்றுத் தடவினார்,
சோப்புத் தண்ணீர் பூசினார், காற்றைத் திறந்தார்.
முப்பது. நாற்பது.
ஒரு பக்கம் படாரென்று போய் உட்கார்ந்தது.
மறுபக்கம் வரவில்லை.
ஐம்பதில் என்னைக் கதவுக்கு வெளியே தள்ளினார்,
தானும் குழாயை நீட்டிப் பிடித்தபடி வந்து நின்றார்.
வெடிச் சத்தம்.
கோழிக் கொட்டகையே எழுந்து கத்தியது.
எலியாஸ் காது குடைந்துகொண்டே சிரித்தார்.

சக்கரம் மாட்டி முடித்ததும்
ஒரு நிமிடம் ஏறி உட்காரலாமா என்று கேட்டார்.
இஞ்சினைப் போட வேண்டாம் என்றார்.
கைப்பிடியைப் பிடித்துச் சுவரைப் பார்த்தபடி இருந்தார்,
பிறகு இறங்கித் துணியால் இருக்கையைத் துடைத்தார்.

நேர்ச் சாலையில் ஒன்றுமே தெரியவில்லை.
சோபாவில் உட்கார்ந்து போவது போல.
கப்பெல் பள்ளத்தாக்குக்கு இறங்கும் இடத்தில்
ஒரு வளைவு இருக்கிறது, நல்ல வளைவு.
உருண்டை டயர் அதற்குள் தானே விழும்.
இது விழவில்லை.
நிமிர்ந்தே நின்றது, வயலைப் பார்த்தது.
இடது கையால் தள்ளினேன், சாய்ந்தது,
தளர்த்தினேன், எழுந்தது.
வளைவு முடியும் வரை தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும்,
நடுவில் ஒரு மூச்சுக்கூட இனாம் கிடையாது.
இத்தனை வருடம் சாய்த்தது நான் என்று நினைத்திருந்தேன்.
அடியில் ஏரி மினுங்கியது.
கெட்ட வார்த்தை ஒன்றைச் சத்தமாகச் சொன்னேன்.
திரும்பிப் போய் அதே வளைவில் மறுபடி இறங்கினேன்.
நாலு தடவை.

ஞாயிற்றுக்கிழமை கிடங்கில் யாரும் இல்லை.
பின்சக்கரத்தை மட்டும் எடைமேடையில் ஏற்றி
முன்சக்கரத்தைச் சரிவில் விட்டு நிறுத்தினேன்.
நானும் உட்கார்ந்த எடை இருநூற்று அறுபது.
டயர் பக்கவாட்டில் அச்சடித்த எண்ணை ஓரெஸ்டிடம் காட்டினேன்:
அறுநூற்றுப் பதினைந்து.
"நான் சேர்ந்தால்?" என்றான்.
தன் எடையை
மருத்துவரிடம்கூட உரக்கச் சொல்லாதவன்.
ஏறு, பார்ப்போம் என்றேன்.

காரில் கிடந்த ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டு வந்தான்,
எடை பார்க்க அது எதற்கு என்று நான் கேட்கவில்லை.
இடது காலைத் தூக்க மூன்று முயற்சி.
பத்துப் பத்தாகத்தான் காட்டும் அந்த மேடை,
முந்நூற்று நாற்பதுக்கும் ஐம்பதுக்கும் நடுவில்
முடிவெடுக்காமல் துடித்தது.

"சரி" என்றான். இறங்கவில்லை.
தெர்மாஸை என் முதுகுக்கும் தன் வயிற்றுக்கும்
நடுவில் செருகிக்கொண்டான்.
வளைவு வருமுன் தோளில் தட்டச் சொன்னான்,
எனக்கல்ல, தனக்கு,
கண்ணை மூடிக்கொள்ள வேண்டுமாம்.
என் இரண்டு கையும் கைப்பிடியில் இருக்குமே,
எப்படித் தட்டுவது
என்று யோசித்துக்கொண்டே
சாவியைத் திருப்பினேன்.