மேட்டுக்கு நாற்பது நிமிடம்

எருக்கனஅள்ளி ஊராட்சிக்கு
இந்தத் தவணை வந்த தொகையை
காலை பதினொன்றேகாலுக்குத் திரையில் பார்த்தேன்.
சென்னையிலிருந்து வந்த பங்கு
வந்த சுவடு தெரியாமல்
மின்வாரியத்துக்குப் போய்விட்டது.
மோட்டார் பாக்கி, தெருவிளக்குப் பாக்கி,
எரியாத விளக்குக்கும் சேர்த்து.

தில்லிப் பங்கில் ஒரு பாகம்
குடிநீருக்கு மட்டும்.
ஒரு பாகம் கழிவறைக்கு மட்டும்.
ஓடைப்பாலம் உடைந்திருக்கிறது என்று
அந்தப் பணத்திடம் சொல்ல முடியாது.
புறப்படும்போதே
காதைப் பொத்திக்கொண்டுதான் புறப்படுகிறது.

தலைக்கு இவ்வளவு என்று கணக்கு.
தலைகளைக் கடைசியாக எண்ணியது
இரண்டாயிரத்துப் பதினொன்று, பிப்ரவரி.
ராகி அறுத்து, போர் போட்டு,
ஆளாளுக்கு ஒரு கோணிப்பையோடு
ஓசூர் பஸ் ஏறியிருந்த மாதம்.
எண்ண வந்த வாத்தியார்
பூட்டைத் தட்டிப் பார்த்தார்.
அடுத்த பூட்டைத் தட்டினார்.
பூட்டுக்கு ஏது தலை?

பெங்களூரில் பதினாலாம் மாடிக்கு
சென்ட்ரிங் அடித்துக்கொண்டிருந்த சென்றாயனை
அங்கே எண்ணியிருந்தால்
அவன் பங்கு அந்த ஊர்ச் சாலையில் கிடக்கும்.
அங்கேயும் எண்ணாமல் விட்டிருந்தால்
இந்த நாட்டில் இல்லாமலேயே
சோப்புக்கும் ரீசார்ஜுக்கும்
மகளின் ஜியாமெட்ரி பாக்ஸுக்கும்
இத்தனை வருஷமாக
வரி கட்டிக்கொண்டிருக்கிறான்.

எங்கள் தொட்டி ஆபரேட்டர் பெயர் காவேரி.
ஆம்பிளைதான். தர்மபுரிப் பக்கம் வைக்கிற பேர்.
என்னைவிடப் பத்து வயது சின்னவர்.
ஐந்து கொட்டாய்க்கும் ஒரே தொட்டி.
பள்ளக்கொட்டாய்க்குப் பன்னிரண்டு நிமிடம் திறப்பார்,
நடுவூருக்குப் பதினெட்டு,
மேட்டுக்கொட்டாய்க்கு நாற்பது.

கிராமசபையில் நடுவூர் ராஜமாணிக்கம் எழுந்தார்.
பைனான்ஸ் நடத்துகிறவர், கூட்டல் தெரிந்தவர்.
"எல்லாரும் மனுஷங்கதானே?
ஆளுக்கொரு நேரம் என்ன நேரம்?
எல்லாருக்கும் இருபது. அதான் நியாயம்."
கை தூக்கினார்கள்.
எண்ணிக்கையில் மேட்டுக்காரர்கள் கம்மி.
தீர்மானத்தை நான்தான் எழுதினேன், நீல மையில்.

ஒரு வாரம் நியாயம் நடந்தது.
பள்ளத்தில் வழிந்த தண்ணீரில்
எருமையைக் குளிப்பாட்டினார்கள்.
மேட்டில் குழாய் இருமியது.
முதல் ஒன்பது நிமிடம் வெறும் காற்று.
அப்புறம் சுண்டுவிரல் தடிமனுக்கு ஒரு கம்பி.
வீட்டுக்கு ஒன்றரைக் குடம்.
மீதிக்குப் பழைய போர்வெல்லுக்குப் போனார்கள்.
அந்தத் தண்ணீர் எப்படிப்பட்டது என்று
யாரும் எனக்குச் சொல்ல வேண்டாம்.
மேட்டுக்கொட்டாயில் சிரிக்கிறவர்கள்
உள்ளங்கையால் வாயை மூடிக்கொண்டுதான் சிரிப்பார்கள்.
பல்லெல்லாம் காவி.

எட்டாம் நாள் காவேரி
யாரையும் கேட்காமல் பழைய கணக்குக்குத் திரும்பினார்.
தீர்மானப் புத்தகத்தில் அது இல்லை.
நானும் எழுதவில்லை.
ராஜமாணிக்கத்துக்குத் தெரியும் என்றுதான் நினைக்கிறேன்.
அவர் குடம் நிறைவதால் பேசாமலிருக்கிறார்.

நாற்பது என்று எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்றேன்.
"கடைசி வீட்டுல போய் நின்னேன் மேடம்.
அங்க குடம் ரொம்புற வரைக்கும் நின்னேன்.
அப்பறந்தான் மணி பாத்தேன்."

இன்று ஒரு படிவம் வந்திருக்கிறது.
அடுத்த ஐந்தாண்டுக்கு நிதியை எப்படிப் பங்கிடலாம்,
ஊராட்சிகள் கருத்துச் சொல்லலாம்.
மாலை ஆறு மணிக்குள்.
கருத்துக்கான கட்டத்தில்
பாலத்தை எழுதினேன், பூட்டுகளை எழுதினேன்,
சென்றாயனை எழுதினேன்.
சிவப்பில் ஒரு வரி வந்தது:
எண்கள் மட்டுமே ஏற்கப்படும்.

எல்லாவற்றையும் அழித்துவிட்டு
40 என்று அடித்தேன்.
நன்றி, பதிவு செய்யப்பட்டது என்றது.

வாசலில் காவேரி.
மூன்று மாதச் சம்பளம் நிலுவை,
அதைக் கேட்கத்தான் வந்திருப்பார்.
தோளில் வால்வு திருகும் இரும்புச் சாவி.
சுவர்க் கடிகாரத்தை ஒருதரம் பார்த்தார்,
"மேட்டுக்கு நேரமாச்சு" என்றார்,
கேட்காமலேயே போய்விட்டார்.