ஏலத்தில் எடுத்த ஏரி

செத்த முகவரிகளைத்தான் வாங்குவேன்.
புதுப் பெயரை கூகுள் லேசில் நம்பாது,
புது மருமகளைப் பார்ப்பதுபோல்
ஒரு வருஷம் ஓரக்கண்ணால் பார்க்கும்.
இன்டார்ஸுக்கு அவ்வளவு பொறுமை இல்லை.
"உடனடிக் கடன்" என்று யார் தேடினாலும்
கிறிஸ்துமசுக்குள்
அவன் கடைதான் முதலில் நிற்க வேண்டும்.

ரீகாவில், ஐந்தாம் மாடியில்,
ராத்திரி இரண்டு மணிக்கு ஏலம்.
ஒரு பல் மருத்துவர், கலைந்துபோன பாடகர் குழு,
மூடிய சைக்கிள் கடை,
பெயர்கள் வந்து வந்து போகும்.
அன்றைக்கு வந்தது சார்மு ஏரி.
நாற்பத்தோரு யூரோ.
எதிர்த்துக் கேட்க ஆளில்லை.

ஏரியையா வாங்கினேன்?
அதைச் சுட்டிக்கொண்டிருந்த விரல்களை வாங்கினேன்:
நகராட்சிப் பக்கம், தீயணைப்பு நிலையம்,
இரண்டு பள்ளிக்கூடங்கள்,
யாரும் திருத்தாத ஒரு வானிலைப் பட்டியல்.
பதினான்கு குளிர்காலம்
இமான்ட்ஸ் என்று ஒருவர்
தினமும் விடிகாலையில் ஐஸைத் துளைத்து
அளவுகோலை உள்ளே விட்டு
எத்தனை சென்டிமீட்டர் என்று எழுதியிருக்கிறார்.
அவ்வளவுதான். ஒரு படம்கூட இல்லை.
கடைசிப் பதிவு ஒரு மார்ச் மாதம்:
"நான்கு. போகாதீர்கள்."
பிறகு யாரும் ஆண்டுக் கட்டணம் கட்டவில்லை.

விரல்கள் மட்டும் நீட்டியபடியே இருந்தன.
நீட்டிய இடத்தில் கடையை விரித்தேன்.

மற்றதெல்லாம் வழக்கமான கைவேலை.
வெள்ளையின் மேல் வெள்ளை எழுத்தில்
கடன் கடன் கடன் என்று இருநூறு தடவை.
இப்போதெல்லாம் எடுபடாது,
ஆனாலும் உப்பு மாதிரி, கை தானாகப் போட்டுவிடுகிறது.
நானே நடத்தும் முப்பது தளங்கள்
ஒன்றின் முதுகை ஒன்று சொறிந்துவிடும்.
ஆறு ஊர்களில் ஆள் பிடித்து
தேடு, தொடு,
தொட்டபின் நாலு நிமிஷம் சும்மா இரு என்று
அதற்குக் கூலியும் கொடுத்தேன்.
ஒன்பதாம் நாள் மூன்றாம் இடம்.
பதினோராம் நாள் உச்சி.
இன்டார்ஸ் ஒரு பாட்டில் கறுப்பு பால்சம் அனுப்பினான்.

பெயரோடு அதன் தபால்பெட்டியும் வரும்.
திறப்பதில்லை. அன்று
தொலைந்த பாஸ்வேர்டு ஒன்றைத் தேடித் திறந்தேன்.

"வணக்கம் இமான்ட்ஸ்,
பக்கத்தை மாற்றிவிட்டீர்கள் போல, எனக்குச் சரியாகப் புரியவில்லை.
மேலே பெரிதாகப் பதினைந்து என்று இருக்கிறது.
அப்படியானால் போகலாம், இல்லையா?
பையன்கள் சனிக்கிழமை மீன் பிடிக்கக் கிளம்புகிறார்கள்.
வெல்கா."

பதினைந்து.
*பதினைந்தே நிமிடத்தில் பணம் உங்கள் கையில்.*

வெள்ளிக்கிழமை, இரவு பதினொன்று.
ஜன்னலில் மழையா பனியா என்று
பிரித்துச் சொல்ல முடியாத ஏதோ ஒன்று
ஒழுகிக்கொண்டிருந்தது.
அந்த ஊர்த் தீயணைப்பு நிலையத்தைக் கூப்பிட்டேன்.
ஏரியில் ஐஸ் எவ்வளவு?
எடுத்தவன் கொட்டாவியோடு சொன்னான்:
"எங்கள் பக்கத்தில் ஒரு இணைப்பு இருக்கும்,
அதைத் தொட்டுப் பாருங்கள்,
அங்கே ஒருவர் தினமும் எழுதுவார்."
"அது இப்போது நான்தான்" என்றேன்.
"நல்லதாய்ப் போயிற்று" என்று வைத்துவிட்டான்.

பதினைந்தை அழித்தேன்.
கடனை அழித்தேன், வெள்ளைக் கடனையும்.
கறுப்பில், பக்கம் கொள்ளும் அளவுக்கு எழுதினேன்:
தெரியாது. கால் வைக்காதீர்கள்.
அதையே வெல்காவுக்கும் அனுப்பினேன்.

காலையில் இன்டார்ஸ் கத்திய கத்தல்
இரண்டு மாடி கீழே கேட்டிருக்கும்.
உச்சியில்தான் இருந்தோம் இன்னும்.
நாடு முழுக்க அவசரமாகப் பணம் தேடியவர்கள்
வரிசையாக வந்து
கால் வைக்காதீர்கள் என்று படித்துவிட்டுப் போனார்கள்.

மத்தியானம் ஒரு வரி வந்தது:
"பையன்கள் வீட்டில்தான், முகத்தைத் தூக்கிக்கொண்டு.
தெரியாது என்றால் என்ன இமான்ட்ஸ்,
துளைப்பான் உடைந்துவிட்டதா?"

நூற்று முப்பது கிலோமீட்டர்.
முதல் பேருந்து ஆறு பத்துக்கு.
ஐஸ் துளைப்பான், நல்லது, விலை குறைவு
என்று தேடினேன்.
முதலில் வந்த மூன்றையும்
நான் நம்பவில்லை.