நடுத்தர மீன்

ராக்போர்ட்டில்
உறைந்த இறாலும் ஐஸும் மோட்டார் எண்ணெயும்
ஒரே வாடையில் விற்கும் கடை.
கவுண்ட்டரில் டார்லீன் கேட்கிறாள்: உயரம்?
ஐந்தடி மூன்று.
எடை?
டாக்டர் எழுதியதா, நான் நம்புவதா?
பின்னால் நிற்பவர் காதில் விழாமல்
ஐந்து கழித்துச் சொன்னேன்.

கண் நிறம்?
கறுப்பு.
மூக்குக்கண்ணாடியை இறக்கி
கவுண்ட்டரைத் தாண்டி எட்டிப் பார்த்தவள்
பிரவுன் என்று தட்டிவிட்டாள்.
நாற்பத்தோரு வருடம்
கறுப்பென்று நம்பி மையிட்ட கண்.

தலைமுடிக்கு, சாயத்தின் நிறத்தைச் சொல்லலாமா என்றேன்.
மீனுக்கு என்ன தெரியப்போகிறது என்றாள்.

அப்புறம்தான் அந்தக் கேள்வி:
ரெசிடென்ட்டா?

பதினொரு வருடமாய் ஒரு வரிசையில் நிற்கிறேன்.
சில மாதம் ஓரடி நகரும்,
சில மாதம் நின்ற இடத்திலிருந்து பின்னால் தள்ளும்.
கைப்பையில் அனுமதிக் கடிதம்,
நீட்டிப்புக் கடிதம்,
நீட்டிப்பு கேட்டதற்கு வந்த கடிதம்.
காய்கறி வாங்கப் போனாலும் கூடவே வரும் கோப்பு அது.
ஜிப்பைத் திறந்தபடியே
"கொஞ்சம் சிக்கல்..." என்று ஆரம்பித்தேன்.

டார்லீன் கையைத் தூக்கி நிறுத்தினாள்.
டெக்ஸஸில் ஆறு மாதம் சேர்ந்தாற்போல் இருந்திருக்கிறாயா?
இருந்திருக்கிறேன்.
அப்போ ரெசிடென்ட்.
அவ்வளவுதான்.
ஒரு விரல், ஒரு பொத்தான்.
ஜிப்பை மூடினேன், சத்தம் வராமல்.

ஆனால் ஒன்று, இது ஆகஸ்ட் முப்பத்தொன்றோடு செத்துப்போகும்,
இன்றைக்கே ஜூலை இருபத்தாறு,
ஐந்து வாரத்துக்கு முழுப்பணம் ஏன் அழுகிறாய்
என்றாள்.
காலாவதி எனக்குப் பழகின பண்டம்
என்று சொல்ல வாய் வந்தது.
அட்டையை நீட்டினேன்.

தாள் ஒரு முழத்துக்கு நீண்டு வந்தது.
என் பெயர் மங்கையர்க்கர என்பதோடு நின்றிருந்தது,
அதற்குமேல் கட்டத்தில் இடமில்லை.
அடியில் கிழித்தெடுக்க ஒரு டேக்:
இருபத்தெட்டு அங்குலத்தைத் தாண்டிய ரெட்ஃபிஷ்
ஒன்றே ஒன்றுக்கு.

பாலத்தின் கைப்பிடியில் அளவுகோல் ஒட்டியிருக்கிறார்கள்.
ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்கள் நம் பக்கம்.
இங்கே கடலிலிருந்து எடுத்ததைக்
கடலிலேயே போடவும் அளக்க வேண்டியிருக்கிறது.
இருபதுக்குக் கீழே, குழந்தை, விடு.
இருபத்தெட்டுக்கு மேலே, பெரிய மனுஷர், விடு.
நடுவில் மாட்டியதுதான் சட்டிக்கு.
நடுத்தரத்துக்கு எங்கேயும் இதே கதி
என்று பக்கத்துத் தூண்டில்காரரிடம் சொன்னேன்.
யூலாலியோ சிரிக்கவில்லை.
என் ஆங்கிலமோ அவர் மிதவையோ, எதிலோ கவனம்.

ஏழரைக்கு நரம்பு இழுத்தது.
வந்தது கெளிறு.
மீசையும் முள்ளுமாய்
கர்ர் கர்ரென்று பலகையில் கத்தியது.
குப்பை மீன், எறி என்றார் யூலாலியோ.
விதிப்புத்தகத்தைப் புரட்டினேன்:
இதற்கு அளவும் இல்லை, எண்ணிக்கையும் இல்லை.
ஒருவரும் கேட்காத மீனுக்குத்தான்
ஒரு தாளும் தேவையில்லை போலிருக்கிறது.
வீட்டில் புளி இருக்கிறது.
வாளியில் போட்டேன்.

இருட்டியபின் வார்டன் வந்தார்.
இடுப்பில் துப்பாக்கி, பூட்ஸில் உப்பு.
டார்ச்சை முகத்தில் அடிக்காமல் தாளில் அடித்தார்.
மிஸ்... மங்கை... என்று தொடங்கி
தாள் நின்ற இடத்தில் அவரும் நின்றார்.
போதும், அது நான்தான் என்றேன்.
வாளிக்குள் பார்த்தார். கெளிறைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.
நல்லா கிடைக்கட்டும், மேடம்.

எதற்கும் விசா கேட்கவில்லை.

அவர் போனபின் போன் வெளிச்சத்தில்
ரெசிடென்ட் என்ற வரியை இன்னொரு தடவை படித்தேன்.
மடித்தால் அந்த எழுத்தின்மேல் கோடு விழும் என்று
வேறு இடத்தில் மடித்தேன்.

கீழே எங்கோ ஒன்று
வாலில் திருஷ்டிப் பொட்டோடு
முப்பது அங்குலத்துக்கு வளர்ந்து திரியலாம்.
அதன் டேக் என் பையில் இருப்பது அதற்குத் தெரியாது.

இறால் இன்னும் மூன்று மிச்சம்.