தள்ளிவைப்பு

எட்டாம் ஜன்னலில் இருந்தவள் பெயர் நொம்புசோ.
படிவத்தை என் பக்கம் திருப்பி
மூன்றாம் வரியைப் பேனா மூடியால் தொட்டாள்.
ரத்து இல்லை மா, தள்ளிவைப்புதான்.
நீங்கள் அந்த வீட்டில் இருக்கும்வரை கேட்கமாட்டோம்.
வீடு விற்கும் நாளில் மொத்தமாகக் கட்டணும்.
அல்லது,
என்று நிறுத்திக் கண்ணாடியைத் துடைத்தாள்.
அந்த அல்லதுவை நானே முடித்துக்கொண்டேன்.

வருமானம் என்ற கட்டத்தில்
பள்ளிச் சீருடைக்கு ஓரம் அடிக்கும் காசை எழுதினேன்.
ஜேக்கப்ஸில் தொழிற்சாலை மூடியபோது
தையல் மெஷின் ஒன்று என்னோடு வந்தது.
இருபத்தாறு வருஷத்துக்கு அதுதான் கணக்குத் தீர்த்தது.
ஜனவரியில் நாற்பது பாவாடை.
ஜூனில் இரண்டு.
வரி மட்டும் ஜூனிலும் அதே தொகை.

சாட்ஸ்வொர்த்தில் ஒட்டு வீடு.
ஒரு சுவர் எனக்கும் மூட்லி குடும்பத்துக்கும் பொது,
அவர்கள் தாளித்தால் எனக்குத் தும்மல் வரும்.
மதிப்பீட்டுக்கு வந்த பையன்
கேட்டுக்கு வெளியிலேயே நின்று
கைபேசியில் படம் எடுத்துக்கொண்டு போனான்.
ஒன்பது லட்சம் ரேண்ட் என்று கடிதம் வந்தது.
ஒன்பது லட்சத்தின்மேல் படுத்துத் தூங்கி எழுந்து
மாதக் கடைசியில் பாலில்லாத டீ குடிக்கிறேன்.

பத்திரத்தில் முதல் பெயர் யாருடையது,
என்று கேட்டாள் நொம்புசோ.

தனபாலன் படையாச்சி.
இரண்டாயிரத்து ஒன்பதில்
என்னைத் தள்ளிவைத்தவன்.
வரியைத் தள்ளிவைக்க
அவன் கையெழுத்தும் வேண்டுமாம்.
இதை அவளுக்கு எந்த மொழியில் சொல்ல?
சிரித்துவிட்டேன்.
காரணம் தெரியாமல் அவளும் சிரித்தாள்,
வரிசையில் எனக்குப் பின்னால் நின்றவர் இருமினார்.

ஃபீனிக்ஸுக்கு இரண்டு டாக்ஸி மாறவேண்டும்.
பெட்ரோல் நிலையத்தில்
யார் வண்டிக்கோ காற்றடித்துக்கொண்டிருந்தான்.
தலை முழுக்க நரை.
சட்டைப் பையின்மேல் பெயர்ப்பட்டை கோணலாக,
யார் தைத்தார்களோ, நூல் இழுத்திருந்தது.
என் விரல் பரபரத்தது.
கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

பங்கு கேட்பான் என்று
வழியெல்லாம் பதில் தயார் செய்துகொண்டு போயிருந்தேன்,
மவுண்ட் எட்ஜ்கோம்ப் தாண்டும்போது
ஒரு கெட்ட வார்த்தையும் சேர்த்திருந்தேன்.
அவன் கேட்டதோ,
மேற்கு மூலை இன்னும் ஒழுகுதா?
ஒழுகுது.
ஒழுகும், என்றான்.
அந்தத் தகடு நான் போட்டதுதானே.

கார் பானட்டின் மேல் வைத்துக் கையெழுத்திட்டான்.
தாளில் எஞ்சின் சூடு ஏறியது.
தேதியை நான் தப்பாக எழுதியிருந்தேன்.
அடித்துத் திருத்தி
ஓரத்தில் சின்னதாக இன்னொரு கையெழுத்தும் போட்டான்.
இந்த ஒழுங்கை
என்னிடம் ஒரு நாளும் காட்டியதில்லை.
டீ குடிக்கிறாயா என்று கேட்கவில்லை.
கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேன்,
திரும்பும் டாக்ஸியில் அதையே யோசித்து
இறங்கும் இடத்தைத் தவறவிட்டேன்.

வட்டி உண்டு.
முத்திரை குத்தும்போதுதான் நொம்புசோ அதைச் சொன்னாள்.
சோறு கேட்காது, சத்தம் போடாது,
சுவருக்குள் உட்கார்ந்து
வருஷத்துக்கு வருஷம் பருக்கும்.
மகள் ஜொஹன்னஸ்பர்க்கிலிருந்து பேசினாள்.
அப்படியென்றால் நாங்கள்தானே அதைக் கட்டணும்?
ஆமாம் கண்ணு.
வீடும் உங்களுக்குத்தானே.
இரண்டு பக்கமும் கொஞ்ச நேரம் பேச்சில்லை.
பிறகு அவள் வானிலை கேட்டாள்.

இந்த மாதத்து வரிக்காசு
உறையோடு அப்படியே இருந்தது.
இரண்டு லிட்டர் பால் வாங்கினேன்.
கூரைக்குப் பூசுகிற தார் ஒரு டப்பா.
ஏணிதான் இல்லை,
சுவரைத் தட்டி
மூட்லியிடம் கேட்கவேண்டும்.